வெளியே மாமா, வீட்டுக்குள் அப்பா

கண்ணு,

போன வியாழக்கிழமை தானா ராத்தா மாதா கோயில் வாசலில் வைத்து என்னை நீ "மாமா" என்று கூப்பிட்டாய். சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. போலீஸ் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, இமிகிரேஷன்காரன் இல்லை. உபதேசியார்கூட உள்ளே மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், அவர் காதில் விழுந்திருக்காது. "வாங்க மாமா, போலாம்" என்று சொல்லிவிட்டுக் கார் பக்கம் நடந்தாய். நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பேன். கத்துவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? முப்பது வருசம் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டியவன், என் குரல் மூன்று மேடு தாண்டிக் கேட்கும் என்று தோட்டத்து லயத்தில் எல்லாரும் கேலி செய்வார்கள். அன்றைக்குச் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ரிங்லெட்டு வரைக்கும் நீதான் ஓட்டினாய். ஸ்ட்ராபெரி பார்க்க வந்த கூட்டத்தால் வழியெல்லாம் ஜாம். 

ஏன் அப்படிக் கூப்பிட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ உன் ஞானஸ்நானப் பத்திரத்தை நகல் எடுக்கப் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தாய். அந்தச் சந்தில் நான் உபதேசியாரிடம் குனிந்து, "கல்யாண ஓலையில அக்கா பேரும் அத்தான் பேரும் போட்டுருங்களேன். பொண்ணோட பொறப்புப் பத்திரத்துல அவங்கதான் அப்பா அம்மா. எதுக்கு வம்புலா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நீ கதவோரம் நகலோடு நிற்கிறாய். உன் கையிலிருந்த தாளில் உன் அம்மாவின் பேர் இருந்தது. என் பேரும் இருந்தது. இந்த உலகத்தில் நம் மூன்று பேரும் சேர்ந்து இருக்கிற ஒரே காகிதம் அதுதான்.

இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கட்டும் என்று பேர் எதுவும் போடாமல் எழுதுகிறேன். இந்த மலையில் நம்மைப் போலக் கதை வைத்திருக்கிற வீடு இன்னும் இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். உன் கைக்கு வருகிற பிரதியில் மட்டும் எல்லார் பேரும் இருக்கும். உனக்குத் தெரிந்த கதையை ஏன் திரும்ப எழுதுகிறேன் என்று நினைப்பாய். உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் பத்தொன்பது வருசமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்கிறார்கள். அதற்கு முன்னால் சொல்லாவிட்டால் அப்புறம் நான் சொல்லவே மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

உன் அம்மா இந்தோனேசியாவில் ஃப்ளோரெஸ் தீவிலிருந்து நம் தோட்டத்துக்குக் கொழுந்து வெட்ட வந்தவள். நம்மைப் போலவே அவளும் வேதக்காரி. முதல் வாரமே கோயிலில் எனக்கு முன் வரிசையில் நின்று அவள் பாஷையில் பாடினாள். பாடல் புரியாவிட்டாலும் மெட்டு நம் மெட்டுதான். பெரிய கத்தரியால் கொழுந்து வெட்டுகிற வேலையில் அப்போது எங்கள் ஆட்களுக்கே கை வலிக்கும். அவள் வெட்டிக்கொண்டே என் லோரியைப் பார்த்து, "ஏய் டிரைவர், லேட்டு!" என்று தமிழில் கத்துவாள். அவள் கற்ற முதல் தமிழ் அது. கங்காணி சொல்லிக்கொடுத்தாராம். ஒரு வருசத்துக்குள் தோட்டத்து ஆபீஸ் கிராணியைவிட நன்றாகத் தமிழில் திட்டுவாள்.

அவளுடைய வேலை அனுமதி பாஸில் ஒரு விதி இருந்தது. வேலை செய்யலாம், கல்யாணம் செய்யக் கூடாது. பிள்ளை உண்டானால் பாஸ் ரத்து, அடுத்த கப்பலில் ஊருக்கு. வருசா வருசம் உடம்பைச் சோதித்துத்தான் பாஸைப் புதுப்பிப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்த விதியைத் தெரிந்துகொண்டேதான் பழகினோம். எனக்கு என்ன தைரியம் என்றால், எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற தைரியம். உன் அப்பனிடம் இருந்ததெல்லாம் அந்த ஒரே வகைத் தைரியம்தான். நீ வயிற்றில் வந்த மாதம் அவளுக்குச் சோதனைக்குப் போக வேண்டிய மாதம். அவள் போகவில்லை. பாஸ் காலாவதியானது. அவளைக் கூட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் போய்க் கோயிலில் தாலி கட்டி, பதிவும் செய்து, முறையாகத் திரும்பி வந்திருக்கலாம். கஷ்டம்தான், ஆனால் வழி இருந்தது. நான் வேலை போய்விடும், லயத்து வீடு போய்விடும் என்று நாளைக் கடத்தினேன். நாளைக் கடத்தினால் வயிறு நிற்குமா?

நீ லயத்து வீட்டில்தான் பிறந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போனால் பாஸைக் கேட்பார்கள் என்று போகவில்லை. பழைய மருத்துவச்சி ஒருத்தி வந்து பிரசவம் பார்த்தாள். உன் அம்மா வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், பக்கத்து வீட்டுக்கு இந்தோனேசியக் குரல் கேட்கக் கூடாது என்று. நான் வாசலில் நின்று சிகரெட் பிடித்தேன். மூன்றாம் நாள் உன் அத்தை வந்தாள். என் அக்கா, உனக்குத் தெரியாதா, எதையும் நேராகப் பேசுகிறவள். கல்யாணமாகி பத்து வருசம், பிள்ளை இல்லை. "தம்பி, பிள்ளைக்கு அம்மா பேரு என்னான்னு கேப்பான். அவ பேரச் சொன்னா பிள்ளையும் அவ நாட்டு ஆளுன்னு எழுதிருவான். கல்யாணப் பத்திரம், சூராட் இல்லாத அப்பன் கணக்குலயே வர மாட்டான். என் பேருல எழுதிருவோம். பொறவு பாத்துக்கலாம்" என்றாள். அவளும் அத்தானும்தான் பதிவுக்குப் போனார்கள். நான் போகவில்லை. அவளைக் குறை சொல்லாதே, கண்ணு. அவள் உன்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். தன் பிள்ளையைப் பதியத் தானே போகாமல் அக்காளை அனுப்பியவன் நான்.

அப்படித்தான் நீ காகிதத்தில் என் அக்காளுக்கு மகளாகவும், எனக்கு மருமகளாகவும் ஆனாய். உன்னைப் பெற்றவள் காகிதத்தில் எங்கேயுமே இல்லை.

உனக்கு நாற்பது நாள் ஆனபோது ஞானஸ்நானம். அந்தப் புத்தகத்திலும் அக்கா பேரையே எழுதிவிடலாம், எல்லாம் ஒன்றாக இருக்கட்டும் என்று சொன்னேன். உன் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு என்னை முறைத்தாள். "சர்க்கார்கிட்ட நீ பொய் சொல்லு. கோயில்ல வேணாம். எம் பிள்ளைக்கு ஒரு எடத்துலயாச்சும் நான் அம்மாவா இருக்கணும்" என்றாள். அப்போதிருந்த ஃபாதர் வயதானவர், பிறப்புப் பத்திரம் கேட்கவில்லை, சொன்ன பேரை எழுதிக்கொண்டார். அந்தப் பெண் அன்றைக்குப் பிடிவாதம் பிடித்திராவிட்டால் வியாழக்கிழமை உன் கையில் அந்தத் தாள் இருந்திருக்காது. அதைத்தான் நான் ஓலையில் மறைக்கப் பார்த்தேன்.

நீ பேச ஆரம்பித்ததும் உனக்கு இரண்டு பேச்சுச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்குள் நான் அப்பா, வெளியே மாமா. வீட்டுக்குள் அத்தை, வெளியே அம்மா. உன்னைப் பெற்றவள் வீட்டுக்குள் அம்மா, வெளியே மாச்சிக், மலாயில் யாரோ ஒரு பெரியம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி. மிட்டாய் கொடுத்துத்தான் பழக்கினேன். கதவுக்கு உள்ளே நின்று "நான் யாரு?" என்பேன், "அப்பா" என்பாய். கதவைத் தாண்டி வெளியே வைத்து "இப்ப யாரு?" என்பேன், "மாமா" என்பாய். கை தட்டுவேன். நீயும் கை தட்டுவாய். உனக்கு அது விளையாட்டு. உன் அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள், சிரிக்க மாட்டாள். ஒரு நாளும் அந்த விளையாட்டில் அவள் சேர்ந்ததில்லை.

தோட்டத்தில் பாஸ் இல்லாத ஆளை வைத்திருக்கக் கூடாது என்று மேனேஜர் கெடுபிடி செய்ததும் அவள் கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் போனாள். முட்டைக்கோசு, தக்காளி அடுக்குகிற வேலை. அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கல். நீ என்னோடும் அத்தையோடும் லயத்தில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நண்பனிடம் பழைய லேண்ட்ரோவரை வாங்கிக்கொண்டு நாம் இரண்டு பேரும் போய் அவளை ஏற்றிக்கொண்டு தானா ராத்தா பூசைக்கு வருவோம். வாரத்தில் அந்த அரை நாள்தான் நாம் குடும்பமாக இருந்தோம். பூசை முடிந்து பாய் கடையில் ரொட்டி. அவள் உனக்குப் பிய்த்துப் போடுவாள். அங்கேயும் நீ அவளை மாச்சிக் என்றுதான் கூப்பிட்டாய். கடைக்காரர் ஒரு நாள், "இந்த மாச்சிக்குக்கு பாப்பா மேல ரொம்ப சாயாங், பாசம்லா" என்றார். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பன்னிரண்டு வயதில் உனக்கு ஐ.சி., அந்த அடையாளக் கார்டு, எடுத்தது நினைவிருக்கிறதா? அத்தை அம்மாவாகப் பதிவு ஆபீசுக்குள் வந்தாள். நான் ரோட்டுக்கு எதிரே அதே பாய் கடையில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆறிப்போனது, குடிக்க முடியவில்லை. உன் சுருட்டை முடியைப் பார்த்து ஆபீசர், அம்மா சாயல் இல்லையே என்று கேட்டாராம். "அவ அப்பன் வம்சம் துவான்" என்று அத்தை சிரித்தாளாம். நீ சீட்டை ஆட்டிக்கொண்டே ரோட்டைத் தாண்டி ஓடிவந்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "மாமா, கெடச்சிருச்சு!" என்றாய். ஒரு பிசகு இல்லை. நானும் அன்றைக்கு, நம்ம பிள்ளை கெட்டிக்காரி, பேச்சு மாறாது என்று பெருமைப்பட்டேன். அதை இப்போது எழுதும்போது என் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த வருசம் உன் சடங்கு. காகிதத்தில் நான் உனக்குத் தாய்மாமன் அல்லவா? ஊருக்காக அதையும் செய்தேன். பெற்ற அப்பன் தாய்மாமன் சீர் தட்டைத் தூக்கிக்கொண்டு, பட்டும் பழமும் வைத்து, லயத்து வாசலில் மேளத்தோடு வந்தேன். அப்பா நாற்காலியில் அத்தான் உட்கார்ந்திருந்தார், பாவம், நெளிந்துகொண்டே. உனக்கு மாலை போட்டேன். நீ என்னைப் பார்த்து மெல்ல, "எனக்கு நிசமான தாய்மாமன் யாருப்பா?" என்று கேட்டாய். நான் கேமராக்காரனைப் பார்த்துச் சிரித்தேன். உன் அம்மாவுக்கு இரண்டு தம்பிகள். அவர்கள் இருக்கிற தீவில் அன்றைக்கு உனக்காக ஒரு மெழுகுத்திரி கொளுத்தி வைத்தார்களாம், பல வருசம் கழித்து உன் அம்மா சொன்னாள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சுற்றி வளைத்துக்கொண்டே இருந்ததும் அதனால்தான்.

உனக்கு ஏழு வயது. கோலா தெர்லாவில் அவளை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். நீ அவள் மடியில். பனி விலகி நல்ல வெயில். ஒரு வளைவு திரும்பினால் எதிரே தடுப்பு, இமிகிரேஷன் வண்டி. காய்கறித் தோட்டங்களில் பாஸ் இல்லாதவர்களைப் பிடிக்க வந்தவர்கள். திருப்ப இடமில்லை, பின்னால் லோரி. உனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்: ஓர் ஆபீசர் ஜன்னலில் குனிந்து உன்னிடம், "அடிக், பாப்பா, இது யார்?" என்று அவளைக் காட்டிக் கேட்டார். நீ "மாச்சிக்" என்றாய். அவளை இறக்கினார்கள். வண்டியில் ஏற்றினார்கள். அவளைத் தடுப்பு முகாமில் வைத்து, அங்கிருந்து கப்பலேற்றி விட்டார்கள். நீ ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாய்.

ஐ.சி. எடுத்து வந்த அன்று, வீட்டுக்கு வருகிற வழியில் நீ கேட்டாய். "அப்பா, அன்னைக்கு நான் அம்மான்னு சொல்லியிருந்தா, பாவம்னு விட்டிருப்பாங்களா?" நான் கியரை மாற்றினேன். "பழசெல்லாம் எதுக்கு இப்ப" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. ஆனால் அந்த நினைப்பு உன்னை விடவில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருசமும் அந்த மாதம் வந்தால் உனக்குச் சாப்பாடு இறங்காது. இருபது வயதில் வேலைக்குப் போன முதல் லீவில் ஃப்ளோரெஸுக்குப் போய் அவள் காலைக் கட்டிக்கொண்டு, என்னை மன்னிச்சிரு மா என்று அழுதாயாம். அவளே எனக்குப் போன் செய்து சொன்னாள்.  நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் வயிறு சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

கண்ணு, நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

தடுப்பில் வண்டியை நிறுத்தியபோது நீ அவள் மடியில் நல்ல தூக்கம். ஆபீசர் முதலில் உன்னிடம் வரவில்லை. என் பக்கம் வந்தார். என் ஐ.சி.யைப் பார்த்தார். அவளிடம் பாஸ் கேட்டார், அவளிடம் இல்லை. என்னிடம், "இந்தப் பெண் உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. "தெரியாது துவான். ரோட்டுல நின்னு தும்பாங் கேட்டா, ஏத்திக்கிட்டேன்" என்றேன். வழியில் சவாரி கேட்டு ஏறியவளாம். எட்டு வருசம் என்னோடு வாழ்ந்தவள், என் பிள்ளையை மடியில் வைத்திருந்தவள். ஆபீசருக்கு நம்பிக்கை வரவில்லை, அப்படி யார் ஏறுவார்கள் மடியில் பிள்ளையோடு? அதனால்தான் சுற்றி வந்து ஜன்னலைத் தட்டினார். அந்தச் சத்தத்தில்தான் நீ முழித்தாய். உன்னிடம் கேட்டார். நான் சொல்லிக்கொடுத்ததை, தூக்கக் கலக்கத்திலும் ஒரு பிசகு இல்லாமல், நீ சொன்னாய்.

நீ சொன்னதால் அவள் போகவில்லை. நீ அம்மா என்று சொல்லியிருந்தாலும் பாஸ் இல்லாதவளை அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நான், இவள் என் பெண்டாட்டி என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்னையும் பிடித்திருப்பார்கள், பாஸ் இல்லாதவரை மறைத்து வைத்த குற்றத்துக்கு ஜெயில், ரோத்தான் பிரம்படியும் இருக்கலாம். உன் பத்திரத்தைத் தோண்டியிருப்பார்கள், உனக்கு யாரும் இல்லாமல் போயிருக்கும், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல வருசம் நியாயம் பேசினேன். அது அப்புறம் யோசித்துக் கண்டுபிடித்த நியாயம். அந்த நிமிசத்தில் உன் நினைப்பே எனக்கு வரவில்லை. என் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பயந்தேன். அவ்வளவுதான் உண்மை.

அவள் உன்னை மடியிலிருந்து இறக்கி என் பக்கம் நகர்த்தினாள். கழன்று கிடந்த உன் சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டிவிட்டாள். "மாமாகூடப் போ" என்று தமிழில் சொன்னாள். நான் உனக்குக் கற்றுக்கொடுத்த அந்தப் பேச்சை வாழ்நாளில் அன்றைக்கு ஒரு தடவைதான் அவள் பேசினாள். அதுவும் என்னைக் காப்பாற்ற.

முகாமுக்கு நான் போகவில்லை. என்ன உறவு என்று கேட்பார்கள் என்று அத்தையை அனுப்பினேன். அவள் துணிமணி கொண்டுபோய், கோயிலில் பழக்கம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்காமல், "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா" என்றாள்.  ஆறு மாதம் கழித்து ஊரிலிருந்து உன் அம்மா போன் செய்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "பாப்பா சாப்பிட்டாளா?" என்றாள்.

நேற்று நானே அவளுக்குப் போன் செய்து, "பிள்ளைகிட்ட சொல்லப்போறேன்" என்றேன்.  "நான் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன். அவளுக்கு அங்க நீ ஒருத்தன்தான இருந்த, உன்மேல மரியாதை போயிட்டா பிள்ளை எங்க போவா?" என்றாள். இத்தனை வருசம் நீ அழுததைக் கேட்டுக்கொண்டு, என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். "இப்ப அவளுக்கு மாப்பிள்ளை இருக்கான், சொல்லு" என்றாள். உத்தரவு கிடைத்தபிறகுதான் இதை எழுதுகிறேன். அதற்கும் அவளிடம் கேட்டுத்தான் எனக்குத் தைரியம் வந்தது, பார்த்துக்கொள்.

இனி நடக்க வேண்டியது. தாப்பாவில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். பத்திரத்தில் இருப்பது பொய் என்று சர்க்காரில் எழுதிக்கொடுத்தால், பதிவுக் கல்யாணம் இல்லாத அப்பனின் நாடு பிள்ளைக்கு வராது, அம்மாவின் நாடுதான் வரும். உன் ஐ.சி.யைத் திரும்பக் கேட்கலாம். பிறகு மனு, காத்திருப்பு, எத்தனை வருசம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. "தப்பு பண்ணுனவன் நான், என்னைப் புடிச்சு உள்ள போடச் சொல்லுங்க சார்" என்றேன். "உங்களையும் போடுவாங்க. ஆனா கார்டு போறது பொண்ணுக்குத்தான்" என்றார். இப்படி ஒரு முடிச்சை உன் கழுத்தில் போட்டுவிட்டு, வியாழக்கிழமை நீ முகம் திருப்பிக்கொண்டதற்கு நான் வருத்தப்பட என்ன யோக்கியதை இருக்கிறது? நடந்ததையெல்லாம் நடந்தபடி வக்கீலிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இந்த உறையில் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தாள்தான், வேறு நகல் இல்லை. அதை எப்போது கொடுப்பது, கொடுப்பதா கிழிப்பதா, உன் இஷ்டம். நீ கொடுக்கிற அன்றைக்கு நான் கூட வந்து முன்னால் நிற்பேன். இந்தத் தடவை வெளியே டீக்கடையில் உட்கார மாட்டேன்.

கல்யாணத்துக்கு அப்பன் சொல்லும் புத்தி என்று ஒன்று எழுத வேண்டுமாம். எனக்கு என்ன தெரியும்? கோயில் கல்யாணம் முடிந்த கையோடு சர்க்கார் பத்திரத்தையும் கையில் வாங்கிவிடு, நாளை என்று தள்ளாதே. பிள்ளை பிறந்தால் மாப்பிள்ளையே பதியப் போகட்டும், அத்தை மாமா யாரையும் அனுப்பாதே. உன் பிள்ளைக்கு ஒரு ஆளுக்கு ஒரு உறவுதான் சொல்லிக்கொடு. யாராவது உங்களைப் பார்த்து, இவர் உனக்கு யார் என்று கேட்டால், உடனே சொல்கிற ஆளாக அவன் இருக்கிறானா என்று பார்த்துக்கொள். இருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன். நீ எல்லாவற்றையும் சொன்னபோது அவன், "அத்தைய எப்ப கூட்டிட்டு வரலாம்?" என்று உன் அம்மாவைப் பற்றித்தான் முதலில் கேட்டானாமே.

அவள் வருகிறாள். இந்த நாட்டுக்குள் வரக் கூடாது என்று அவளைத் தடுத்து வைத்திருந்த காலம் முடிந்துவிட்டதாம், டிக்கெட் போட்டாயிற்று. சுற்றுலா என்று எழுதித்தான் வருகிறாள், பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கு. ஏர்போர்ட்டுக்கு நான் தனியாகப் போகிறேன். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை, போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று காலை உபதேசியாரிடம் திரும்பப் போனேன். "ரெண்டு பேப்பர்ல ரெண்டு பேரு இருக்கு, எதுய்யா நிசம்?" என்று கேட்டார். "கோயில் புத்தகம்தான் நிசம். அதையே படிங்க" என்றேன். ஓலையில் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றும் வாசிப்பார்களே, யாராவது எழுந்து காகிதத்தைக் காட்டிப் பேசினால்? அந்தப் பயத்தில்தான் வியாழக்கிழமை அப்படிச் செய்தேன். பயம் இப்போதும் இருக்கிறது, போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பேசுகிறவர்கள் என்னிடம் பேசட்டும். உபதேசியார் அடித்து எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகள் என்று என் பேரையும் அவள் பேரையும் சேர்த்து ஒருவர் வாயிலிருந்து கேட்டது, உன் ஞானஸ்நானத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. நான் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் எப்போதும் நிற்கிற கடைசித் தூண் பக்கம் நிற்க மாட்டேன். முதல் வரிசையில் இருப்பேன். நீ பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். பூசை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் அத்தனை பேருக்கும் முன்னால், நீ என்னைக் கூப்பிட வேண்டியிருக்கும். அப்பா என்று கூப்பிட்டால் வருவேன். மாமா என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்துக் கை தட்டியவன் நான்தானே.